பெண்குதிரையின் மூட்டும் ஆண்களின் வாதமும்

வாதத்தில் தோற்கும் நிலைக்கு வந்தோர் இறுதியாக இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். அழைக்கப்பட்ட சாட்சி வாய்திறந்து மறுப்பதில்லை என்பதே அதிலுள்ள வசதி. பெண்ணின் இடம் எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது பட்டிமன்ற மேடைகளில் மயிலும் சிங்கமும் வந்து நிற்பதை வாசகர் அறிவர். மேலைநாட்டில் இவ்வேலைக்குப் பிடிக்கப்பட்ட விலங்குகளுள் ஒன்று பந்தயக் குதிரை. இளம் பெண்குதிரையின் கால்மூட்டு ஆண்குதிரையின் மூட்டிலும் நொய்மையானது. ஆகவே அதனை ஆண்குதிரையோடு ஓடவிடுதல் கொடுமை என்னும் கூற்று 1975 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2008 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் உரத்து ஒலித்தது. கருணையின் குரலில் ஒலித்தமையால் பலர் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர். அவ்வாறு ஏற்பதற்கு எலும்பில் ஆதாரம் எதுவும் இல்லை என்பதே இங்கு எமது வாதம்.

கலைப்பீடத்தில் இருப்பவருக்குக் குதிரையின் காலில் என்ன வேலை என்று விலங்கு மருத்துவபீடத்து நண்பர்கள் கேட்கக்கூடும். எலும்பைப் பற்றிய செய்திகளை அவர்களுடைய துறையிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். அந்த எலும்பின்மீது எழுப்பப்பட்ட வாதமோ பொதுச்சொத்து. அதனைப் பரிசீலிக்க எவருக்கும் உரிமையுண்டு.

குதிரை என்றதும் நெடுந்தீவின் மட்டக்குதிரைகளும் சித்திரை மாதத்து நுவரெலியாப் பந்தயமுமே நம்மவர் நினைவுக்கு வரும். ஆதலால் அதன் காலமைப்பைச் சற்று விளக்குதல் அவசியமாகிறது. குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று சுட்டுகின்ற மூட்டு உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்பது அதன் குதிக்கால். நமது முழங்காலுக்கு ஒப்பான மூட்டு பின்காலின் மேற்பகுதியில், வயிற்றோடு ஒட்டினாற்போல மறைந்து கிடக்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒரேயொரு விரலின் நுனியிலேயே குதிரை நிற்கிறது; குளம்பு என்பது அவ்விரலின் நகம். மணிக்கட்டுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ இல்லை. எலும்பும் தசைநாணும் இணையமும் தோலுமே அங்குள்ளன. குளம்புக்குச் சற்று மேலேயுள்ள கணுமூட்டின் பின்புறத்தில் இரண்டு சிறிய எலும்புகள் உண்டு. எள்ளுரு என்புகள் என்பது அவற்றின் பெயர். பாய்ந்து ஓடும்போது முன்கால் ஒன்று ஒரு கணத்தில் தாங்கவேண்டிய விசை உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். குதிரையின் எடையோ 450 முதல் 500 கிலோகிராம் வரை. அக்கணத்தில் கணுமூட்டு நிலத்தைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்கிறது. அதனை ஊஞ்சற் கயிறுபோலத் தாங்கிப் பிடிக்கும் இணையம் இவ்விரு சிறு எலும்புகளையே பற்றி நிற்கிறது. இவை முறிந்தால் மூட்டைத் தாங்க வேறொன்றும் இல்லை.

இனி, ஆண் பெண் வேறுபாடு எங்கே உள்ளது என்பதை நோக்குவோம். குதிரையின் என்புக்கூட்டில் அவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும் இடம் இடுப்பென்பு. குட்டி ஈனும் தேவை காரணமாகப் பெண்குதிரையின் இடுப்பு வளையம் அகன்றும் வட்டமாகவும் அமைந்துள்ளது. அடுத்தது பல். வளர்ந்த ஆண்குதிரைக்கு வேட்டைப்பற்கள் உண்டு. பெண்குதிரைக்குப் பெரும்பாலும் அவை இல்லை, இருப்பினும் மிகச் சிறியனவாக இருக்கும். பழைய புதைகுழிகளில் குதிரை எலும்புகளைக் கண்டெடுக்கும் தொல்லியலாளர் அது ஆணா பெண்ணா என்றறிய வாயையும் இடுப்பையுமே நாடுகின்றனர். காலெலும்பை மட்டும் கையிற் கொடுத்துப் பால் கேட்டால் உறுதியான விடை கிடைப்பதில்லை. சராசரியில் ஆணின் எலும்பு சற்றுப் பருத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு பாலுக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு இரு பால்களுக்கும் இடையிலுள்ள அவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

வளரும் குதிரையின் மூட்டைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். ஏனெனில் எதிர்வாதத்தினர் இளம் குதிரையையே பேசுகின்றனர். நீண்ட எலும்பின் முனைக்கருகே கசியிழையத்தாலான வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் தட்டு எலும்பாக இறுகி மூடிவிடுகிறது. குதிரையில் இது பொதுவாகக் கீழிருந்து மேலாக நிகழ்கிறது. கணுமூட்டை அடுத்த தட்டுகள் முதலாண்டிலேயே மூடிவிடுகின்றன. மணிக்கட்டுக்கு மேலேயுள்ள தட்டு மூடுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் செல்லும். முதுகெலும்பிலுள்ளவை ஐந்து வயதையும் தாண்டுவதுண்டு. தட்டை மூடச்செய்வதில் முதன்மையான பங்கு ஈஸ்திரஜன் என்னும் ஓமோனுக்கு உரியது. ஆணுக்கும் அவ்வாறே என்பதை 1994 ஆம் ஆண்டில் வெளியான மனிதர் பற்றிய மருத்துவ அறிக்கை ஒன்று உலகுக்கு உணர்த்திற்று. ஈஸ்திரஜனுக்கு இணங்காத உடலுடைய 28 வயது ஆடவர் ஒருவரின் எலும்புத் தட்டுகள் அப்போதும் திறந்தே இருந்தன. அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். இளமையில் நலமடித்த விலங்கு உயர்ந்து வளர்வதும் இதே காரணத்தாலேயே. குதிரைகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தவர்களுள் சிலர் பெண்குட்டியின் தட்டு ஆண்குட்டியினதிலும் சற்று முந்தி மூடுவதாகக் கண்டனர்; வேறு சிலர் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. மூட்டின் கசியிழையம் சரிவர எலும்பாகாது துண்டாக உரியும் நோயிலும் நிலைமை இதுவே. ஆணுக்கு அதிகம் என்ற ஆய்வும் உண்டு, வேறுபாடில்லை என்ற ஆய்வும் உண்டு. ஆக, எலும்பு ஏதாவது ஒரு பக்கம் சாயுமாயின் அது பெண்குட்டி முந்தி முதிர்கிறது என்ற பக்கமே. நொய்மை என்ற முடிவை இதிலிருந்து எவ்வாறு பிழிந்தெடுத்தனரோ!

பிழிந்தெடுத்த வரலாறு ரஃபியன் என்னும் குதிரையின் வரலாறாகும். முரடன் என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கிய அது பெண்குதிரை. 1972 ஏப்ரில் 17 ஆம் திகதி பிறந்தது. 1974 மே 22 ஆம் திகதி முதற் பந்தயத்தில் ஓடியது. வாசகர் இத்திகதிகளைக் கழித்துப் பார்க்கவேண்டும்: இருபத்தைந்து மாதம். மணிக்கட்டின் தட்டு மூடும் தறுவாயில் இருக்கும் வயது. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் அதன் பின்காலில் மயிரிழை முறிவு கண்டு பருவம் இடைநின்றது. ஆயினும் அடுத்த ஆண்டில் மீண்டும் ஓடி, ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்றது. இந்நிலையிலேயே 1975 இன் கென்ரக்கி டேர்பியில் வென்ற ஃபூலிஷ் பிளெஷர் என்னும் ஆண்குதிரையோடு அதனைத் தனித்து மோதவிடும் எண்ணம் பிறந்தது. 1973 இல் பில்லி ஜீன் கிங் என்ற ரெனிஸ் வீராங்கனை பொபி றிக்ஸ் என்ற முன்னாள் வீரரைத் தோற்கடித்த காட்சி தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பெரும் பொருளீட்டிக் கொடுத்திருந்தது. பெண்விடுதலை பற்றிய வாதம் வீதிதோறும் நடந்த காலம். அந்த வாதத்தைக் குதிரை முதுகிலேற்றிக் காசாக்க முனைந்தனர்.

1975 யூலை 6 ஆம் திகதி நியூ யோர்க்கின் பெல்மொன்ற் திடலில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். ஆண்குதிரை 126 இறாத்தலும் பெண்குதிரை 121 இறாத்தலும் சுமந்தன. ரஃபியன் முன்னணியில் இருந்தபோது அதன் வலது முன்காலின் இரு எள்ளுரு என்புகளும் நொறுங்கின. சவாரியாளர் இழுத்து நிறுத்த முயன்றும் அது உடைந்த காலோடு ஓட முனைந்தது. இரவு சத்திரசிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் கிடந்தபடியே ஓடுவதுபோலக் கால்களை அடித்துக்கொண்டு, கட்டிய கட்டையும் மறுபடி காலையும் உடைத்துக்கொண்டது. அடுத்தநாள் விடியுமுன் அதனைக் கொன்றனர்.

இதற்குப் பின்னர் எழுந்த பேச்சே நமது கண்டனத்துக்குரியது. பெண்குதிரை ஆண்குதிரையோடு ஓடியதாற் செத்தது என்றனர். அதன் தந்தையாகிய ரிவ்யூவர் பந்தயக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் எலும்பு முறிந்த குதிரை என்பதையும், முறிவுண்ட ஆண்டை அடுத்த ஆண்டிலேயே மகள் மறுபடி ஓட்டப்பட்டாள் என்பதையும் அறிந்தோர் பலர் இருந்தனர். ஆனால் பரம்பரையையும் வயதையும் உழைப்பையும் விட்டுப் பாலைப் பிடித்துக்கொள்வது எளிதாயிருந்தது.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து இந்நாடகம் மீண்டும் அரங்கேறிற்று. 2008 மே 3 ஆம் திகதி கென்ரக்கி டேர்பியில் எயிற் பெல்ஸ் என்ற இளம் பெண்குதிரை பத்தொன்பது ஆண்குதிரைகளோடு ஓடி இரண்டாவதாக வந்தது. எல்லைக்கோட்டைக் கடந்து வேகம் தணிந்துகொண்டிருந்த வேளையில் இரு முன்கணுமூட்டுகளும் முறிந்து வீழ்ந்தது, திடலிலேயே கொல்லப்பட்டது. பெண்குதிரைகளை இத்தகைய பந்தயங்களில் விடலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. பதினெட்டு ஆண்குதிரைகளை அது பின்தள்ளியிருந்தது என்பதைக் கேள்வி கேட்டோர் கணக்கில் எடுக்கவில்லை.

இவர்களிடம் இரண்டு குதிரைகளின் பெயரைச் சொல்லிக் கேட்போம். முதலாவது, பார்பாறோ. 2006 இன் கென்ரக்கி டேர்பியை வென்ற ஆண்குதிரை. இரண்டு வாரங்களின் பின் பிறீக்னஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்கால் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. எட்டு மாதச் சிகிச்சையின் பின் 2007 சனவரியிற் கொல்லப்பட்டது. ஆண்குதிரைகளின் மூட்டு இயல்பிலேயே நொய்மையானது, அவற்றைப் பந்தயத்தில் விடலாகாது என்று அன்று எவராவது எழுதினரா? இல்லை. திடலின் தரையைப் பற்றி எழுதினர், பரம்பரையைப் பற்றி எழுதினர், விதியைப் பற்றியும் எழுதினர். ஆண் வீழ்ந்தால் விபத்து. பெண் வீழ்ந்தால் இயற்கை. இரண்டாவது, கோ ஃபோர் வோண்ட். 1990 ஒக்தோபர் 27 ஆம் திகதி, அதே பெல்மொன்ற் திடலில், எல்லைக்கு அண்மையில் வலது முன்கால் முறிந்து இறந்த பெண்குதிரை. அது ஓடியது பெண்குதிரைகளுக்கு மட்டுமேயான பந்தயம். ஆண்குதிரை ஒன்றும் அங்கே இருக்கவில்லை. பிரித்து ஓட்டுதலே பாதுகாப்பு என்போர் இந்த இறப்பை எந்தக் கணக்கிற் சேர்ப்பர்?

தனித்தனி நிகழ்வுகளை விட்டுத் தொகையை நோக்கினாலும் அவ்வாதம் நிற்கவில்லை. வட அமெரிக்காவிற் பந்தயத்தில் நேரும் சாவுக்குரிய முறிவுகளை ஆராய்ந்த கணக்குகள் மீண்டும் மீண்டும் ஒன்றைக் கூறுகின்றன: நலமடிக்காத ஆண்குதிரைக்கே ஆபத்து அதிகம். பெண்குதிரைக்கும் நலமடித்த குதிரைக்கும் அதனிலும் குறைவு. ரஃபியனைக் கொன்ற எள்ளுரு என்பு முறிவுக்கும் இதுவே பொருந்தும். உடற்பாரம் காரணமா, ஓட்டும் முறை காரணமா, சினைப்படுத்தும் சந்தைக்காக அவசரமாக வெற்றி தேடுதல் காரணமா என்பதை அறிஞர் ஆராயட்டும். நொய்மை பெண்ணினது என்ற கூற்றுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

எதிர்வாதத்தினர் இவ்விடத்தில் எடைச் சலுகையைக் காட்டுவர். பெண்குதிரைக்கு அமெரிக்காவில் ஐந்து இறாத்தலும் இங்கிலாந்தில் மூன்று இறாத்தலும் குறைத்துச் சுமத்தப்படுவது ஏன் என்பர். சராசரியில் ஆண்குதிரைக்குத் தசை சற்று மிகுதி. வேகமும் சற்று மிகுதி. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மனிதரில் ஆண் பெண் ஓட்டக்காரருக்கு இடையே ஏறத்தாழப் பத்து வீதமாகவுள்ள இடைவெளியோடு ஒப்பிடின் குதிரையில் உள்ளது மிகச் சிறிது. ஒன்றரைக் கிலோகிராம் சலுகையோடு ஓடப்படும் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை 2011 முதல் 2018 வரையான எட்டு ஆண்டுகளில் ஏழு முறை பெண்குதிரைகளே வென்றன. ட்ரெவ் இருமுறை, எனேபிள் இருமுறை. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் கிண்ணத்தை 2003, 2004, 2005 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து வென்றது மக்கைபி டீவா என்ற பெண்குதிரை. விங்ஸ் என்பது தொடர்ந்து 33 பந்தயங்களில் வென்று 2019 இல் ஓய்வு பெற்றது. இங்கிலாந்தின் டேர்பியை மட்டும் 1916 இன் ஃபிஃபினெல்லாவுக்குப் பின் பெண்குதிரை எதுவும் வெல்லவில்லை என்று சிலர் வியப்பர். பெண்குதிரைகளுக்கென்றே 1779 இல் தொடங்கிய ஓக்ஸ் பந்தயம் அதே வாரத்தில் நடைபெறுகிறது. சொந்தக்காரர் அங்கேயே அவற்றை அனுப்புகின்றனர். டேர்பியிற் சேர்க்கப்படும் பெண்குதிரை அரிது. பரீட்சைக்கு அனுமதிக்கப்படாதவர் சித்தியடையவில்லை என்று குறைகூறுவதை ஒத்தது இது.

அப்படியாயின் இந்தப் பொய்யான இரக்கத்தால் இலாபமடைவோர் யாவர்? பந்தயத் தொழிலின் உரிமையாளரே என்போம். முறிவுக்குக் காரணம் பால் என்றாகிவிட்டால் வேறு எதனையும் விசாரிக்கவேண்டியதில்லை. விசாரிக்கவேண்டியவற்றுள் தலையாயது வயது. வடகோளத்திற் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் பிறந்தநாள் சனவரி முதலாந் திகதி என்று பதிவு செய்யப்படுகிறது. தைமாதக் குட்டியும் வைகாசிக் குட்டியும் தாளில் ஒரே வயதின. எலும்புக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது. அமெரிக்காவில் இரண்டு வயதுக் குதிரைகளை விற்கும் சந்தைகள் இளவேனிற் காலத்தில் நடக்கின்றன. வாங்குவோர் முன்னிலையில் ஒவ்வொரு குட்டியும் ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்தைப் பத்து வினாடி அளவில் ஓடிக்காட்டவேண்டும். அங்கே ஆண் பெண் என்ற பேதம் இல்லை. எல்லா மூட்டும் ஒரே விலைப்பலகையில் ஏறும். இளம் வயதில் அளவான பயிற்சி எலும்பை உறுதியாக்கும் என்று ஆய்வாளர் சொல்வதும், பந்தய நாட்களில் இரண்டு வயதுக் குதிரைகளின் இறப்பு வீதம் மூத்தவற்றினதிலும் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் அளவான பயிற்சி வேறு, விலைக்காகப் பத்து வினாடியிற் பிழிந்தெடுத்தல் வேறு. பயிற்சித் திடலில் முறியும் கால்கள் அந்தப் பந்தயநாள் வீதத்திற் சேர்வதும் இல்லை. சாவுக்குரிய முறிவுகள் பெரும்பாலும் திடீரென நேர்பவையல்ல. பலநாட் பாய்ச்சலில் எலும்பினுள் நுண்ணிய வெடிப்புகள் சேர்ந்து, ஆறுவதற்கு ஓய்வின்றி, ஒருநாள் முழுதாக உடைகின்றன. உடைவதற்கு முன் ஓய்வு கொடுக்காதவர் யார் என்ற கேள்வியை மறைக்கவே பெண்மை என்ற திரை தேவைப்படுகிறது.

குதிரைக்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை. இதே தர்க்கம் மனிதப் பெண்ணுக்குப் பிரயோகிக்கப்பட்ட வரலாறும் நம்முன் உள்ளது. 1928 இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் ஓடியோர் களைத்து வீழ்ந்தனர் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பெண்களும் எல்லையை அடைந்திருந்தனர். வென்ற லீனா றட்கே உலக சாதனையும் நிலைநாட்டியிருந்தார். ஆயினும் 1960 வரை அவ்வோட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லாது போயிற்று. ஓடி முடித்ததும் தரையிற் சாயும் ஆடவரை நாம் வீரர் என்கிறோம். 1969 இல் டயான் கிறம்ப் என்னும் பெண் புளோரிடாவில் முதன்முறையாகச் சவாரியாளராகப் பந்தயத்தில் இறங்கியபோது கூட்டத்தைக் கடந்து செல்லப் பொலிசாரின் துணை வேண்டியிருந்தது. குதிரையின் முதுகில் இருந்தாலும் பெண், முதுகின் கீழே இருந்தாலும் பெண், இரண்டிடத்திலும் நொய்மை! விளையாட்டு வீராங்கனையரின் முழங்கால் இணையம் அறுவதற்கு அவர்தம் அகன்ற இடுப்பே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. தரையில் இறங்கும் முறையைச் சீராக்கும் பயிற்சிகளைக் கொடுத்தபோது காயங்கள் குறைந்தன. இடுப்பு மாறவில்லை, பயிற்சியே மாறியது.

எயிற் பெல்ஸ் இறந்த அடுத்த மாதமே அமெரிக்கக் காங்கிரசின் உபகுழு ஒன்று பந்தயத் தொழிலை விசாரணைக்கு அழைத்தது. அதற்கடுத்த ஆண்டு றேச்சல் அலெக்சாண்டிரா என்ற இளம் பெண்குதிரை, பார்பாறோவின் கால் முறிந்த அதே பிறீக்னஸ் பந்தயத்தில் ஆண்குதிரைகளை வென்றது. 2020 இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் 2022 யூலை முதல் நாடளாவிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. மருந்து, திடலின் தரை, குளம்பில் அடிக்கும் இலாடம், சவுக்கு, ஓட்டத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை ஆகியன பற்றியெல்லாம் அவ்விதிகள் பேசுகின்றன. பெண்குதிரையை ஆண்குதிரையிடமிருந்து பிரிக்கும் விதி எதுவும் அங்கில்லை. ஆயிரம் ஓட்டத்துக்கு 2009 இல் 2.00 ஆக இருந்த பந்தயச் சாவு 2023 இல் 1.32 ஆகக் குறைந்துள்ளது.